மூன்றாம் எண்ணில் இரண்டு எஞ்சின்கள்

என் அக்கா சொர்ணாம்பாளின் வீட்டுக்காரர் தாணுமாலையனுக்கு அறுபத்துநாலு வயதில் பொம்மை ரயில் ஆசை வந்தது. ஜெர்மனியில் இருக்கும் மகள் விஜயஸ்ரீ, "பொறந்தநாளுக்கு என்னப்பா அனுப்ப?" என்று போனில் கேட்டிருக்கிறாள். மனுஷர் அதுவரை யாரிடமும் வாய்திறந்து ஒரு கைக்குட்டைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவர் மாதிரி, "ரெண்டு எஞ்சின் வேணும்மா. சின்னதா, தண்டவாளத்துல ஓடுத மாதிரி. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்" என்றாராம். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு என்று வாங்கினால் அழகாக இருக்குமே என்று அவள் கேட்டதற்கு, "அழகுக்கு இல்லம்மா. ஒரே நிறம், ஒரே அச்சு" என்று முடித்துவிட்டாராம்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். நான் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "அடுத்து அத்தானுக்கு ஒரு தொட்டில் வாங்கிரலாமாக்கா?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிக்காரர். வாய்க்கால் ஓரத்து வயல்கள் அவர் அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டன. படித்த படிப்பை வைத்துக்கொண்டு எண்பத்துமூன்றில் ரயில்வேயில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்தார், பிறகு ஓட்டுநர் ஆனார். பெரும்பாலும் சரக்கு வண்டி. மணியாச்சி, தூத்துக்குடி, செங்கோட்டை என்று போவார். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்றுக்குக்கூட அவர் நேரத்துக்குப் போனதில்லை.

பேச்சு குறைவு என்றாலும் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எஞ்சினில் ஓட்டுநரும் உதவியாளரும் இருப்பார்கள். முன்னால் ஒரு சிக்னல் தெரிந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் கையை நீட்டி அதன் பெயரையும் நிறத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது வேலையின் சட்டம். அத்தானுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் என் தோளுக்கு மேலே கையை நீட்டி, "வண்ணாரப்பேட்டை, சிவப்பு" என்பார். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் முதுகில் ஒரு தட்டு விழும். பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றுக்குப் பிறகு அவர் சிக்னல் சொல்வதை நிறுத்திவிட்டார். பின்னால் சும்மா உட்கார்ந்து வந்தார். காரணம் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

பார்சல் புரட்டாசியில் வந்தது. அதற்குள் தியாகராஜ நகர் வீட்டு மாடி அறையில் அத்தான் இரண்டு பழைய கட்டில் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் மகள் முன்னாலேயே அனுப்பியிருந்த தண்டவாளத்தை ஒட்டியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். வட்டப்பாதை இல்லை. மலை, சுரங்கம், பாலம் எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று லைன், ஒரு முனையில் மூன்றும் சேர்ந்து ஒன்றாகும் இடம். அவ்வளவுதான்.

"சுத்தி வாரதுக்கு வழியே இல்லாம இது என்ன ரயிலு அத்தான்?"

"சுத்த வேண்டாம் மாப்ளே. நிக்கணும்" என்றார்.

எஞ்சின்கள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். நிஜ எஞ்சினில் உள்ள கைப்பிடிக் கம்பி, ஹாரன் குழாய், ஜன்னல் ரப்பர் வரைக்கும் செய்திருந்தான் எவனோ ஒரு மகராசன். பக்கவாட்டில் எழுதியிருந்த எண்கூட இரண்டிலும் ஒன்றுதான். கூடவே உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு கைக்கருவி, திருகு ஒன்றும் பொத்தான்கள் பத்துப் பன்னிரண்டும் அதில்.

எனக்குத் தெரிந்த மின்சாரத்தில் இது ஐந்து நிமிஷ வேலை. லைனுக்கு லைன் ஒரு சுவிட்ச் வைத்தால் தீர்ந்தது. ஒரு லைனில் கரண்ட் இருந்தால் அந்த எஞ்சின் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அதைச் சொன்னதும் அத்தான் தலையை ஆட்டினார்.

"கரண்ட நிறுத்தி நிப்பாட்டப்படாது வே. ரெண்டுக்கும் கரண்ட் இருக்கணும். லைட்டு எரியணும். உயிரோட நிக்கணும்."

அதற்குத்தான் இந்த டிஜிட்டல் ஏற்பாடாம். தண்டவாளம் முழுவதும் எப்போதும் கரண்ட் இருக்கும். கைக்கருவி கொடுக்கும் கட்டளையும் அந்தக் கரண்டோடு சேர்ந்தே போகும். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் நகத்தளவு ஒரு சில்லு இருக்கிறது. தன் எண்ணைச் சொல்லி வருகிற கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாது. எங்களுக்கு அன்றைக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். கடையிலிருந்து வருகிற எல்லா எஞ்சினுக்கும் மூன்று என்ற ஒரே எண்தான் வைத்து அனுப்புகிறார்கள் என்பது தெரியாது.

இரண்டாம் லைனில் ஒன்றையும் மூன்றாம் லைனில் ஒன்றையும் அத்தான் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். கையேட்டில் போட்டிருந்தபடி கைக்கருவியில் மூன்றை அழுத்தித் திருகைப் பையத் திருப்பினார். இரண்டு எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பின. ஒரே வேகம், ஒரே சத்தம். லைன்கள் சேரும் இடத்தில் போய் ஒன்றின் விலாவில் ஒன்று முட்டிக்கொண்டு, சக்கரம் மட்டும் சுற்றச் சுற்ற நின்றன.

"என்ன அத்தான், வந்த அன்னைக்கே மல்லுக்கு நிக்கி" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று அக்காவைக் கூப்பிடப் போனேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். அப்போதுதான் அந்தப் பலகையை நான் சரியாகப் பார்த்தேன். மூன்று லைன், ஒரே மாதிரி இரண்டு எஞ்சின். அது எந்த ஸ்டேஷன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி பதினொன்றைச் சொல்ல வேண்டியதுதான்.

ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். விடிகிற நேரம். இரண்டாம் லைனில் ஒரு காலிச் சரக்கு ரயில், மூன்றாம் லைனில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வகை எஞ்சின், தோளோடு தோள் நின்றன. மூன்றாம் லைன் வண்டியில் அத்தான். கூட உதவியாளர் முஹ்சின், மேலப்பாளையத்துப் பையன், இருபத்தாறு வயது, கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பச்சை விழுந்தது இரண்டாம் லைனுக்கு. கிளம்பியது மூன்றாம் லைன் வண்டி. சிவப்பைத் தாண்டி, அப்படித் தாண்டும் வண்டியைத் தடுக்கவென்றே மணல் குவித்து வைத்திருக்கும் கிளைப்பாதையில் ஏறி, எஞ்சின் புதைந்து நின்றது. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த வழியாக ஒரு பயணிகள் ரயில் வர இருந்தது. சிவப்பைத் தாண்டியவனை ரயில்வே எளிதில் விடாது.

மறுநாள் விசாரணை. அதற்கு முந்தின சாயங்காலம் ரயில்வே குவார்ட்டர்ஸ் அடுக்களையில் அத்தான், அக்கா, நான் மூன்று பேரும் இருந்தோம். அத்தான் நடந்ததை அப்படியே சொன்னார்.

"பச்சைய மொதல்ல சொன்னது நான்தான் மாப்ளே. கைய நீட்டி, மூணு, பச்சைன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். வண்டிய எடுத்துட்டேன்."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதித்தான் ஆக வேண்டும். "மொதல்ல சொன்னது யாருன்னு உங்க ரெண்டு பேருக்குத்தான தெரியும்? அவன் சொன்னான், நீங்க பிரேக் மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தியன்னு சொல்லுங்க. வேல போனா ஒருத்தருக்குப் போகட்டும், ரெண்டு பேருக்கும் எதுக்குப் போகணும்? விஜி காலேஜ்ல படிக்கா. அவன் சின்னப் பய. மேலப்பாளையத்துல வீட்டுக்கு ஒருத்தன் துபாய்ல இருக்கான், இவனும் போயிருவான்."

இத்தனையும் என் வாயிலிருந்து வந்தது. மேலப்பாளையத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. அசன் முகம்மது வீட்டில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் நான். முகம் தெரியாத ஒரு பையன் என்றதும், அவனுக்கு ஊர், வேலை, கல்யாணம் ஒன்றும் வேண்டாம், கப்பலேற்றிவிட்டால் போதும் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விசாரணையில் அத்தான் நான் சொன்னபடியே சொன்னார். முஹ்சினைக் கேட்டார்கள். அவன் கொஞ்ச நேரம் அத்தானையே பார்த்துவிட்டு, ஆமாம், முதலில் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அத்தானை எஞ்சினிலிருந்து இறக்கி ஓர் ஆபீஸ் மேஜைக்கு அனுப்பினார்கள், ஓய்வு பெறும்வரை ஒன்பது வருஷம் அந்த மேஜைதான். பெண் வீட்டார் முஹ்சினின் கல்யாணப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அவன் சவூதிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். நான் சொன்னது பலித்ததே என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

மாடி அறைக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்திருந்த அத்தான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த நம்பரைப் பிரிக்கணும் மாப்ளே. அதுக்கு என்ன செய்யணும்னு பாரும்" என்றார்.

கையேட்டை இரண்டு நாள் உருட்டினோம். விஜயஸ்ரீயும் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். விஷயம் இவ்வளவுதான். மூன்றாம் லைன் எஞ்சின் தன் பழைய எண்ணிலேயே இருக்கட்டும், மற்றதற்கு இரண்டு என்று புது எண் எழுத வேண்டும். எழுதும்போது அந்த ஒரு எஞ்சின் மட்டும்தான் தண்டவாளத்தில் இருக்கலாம்.

இந்தக் கடைசி வரியை அத்தான் காதில் வாங்கவில்லை. ஒரு ரயில்வேக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். நிறுத்தி வைக்கிற வண்டி நகராமலிருக்க, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது அவர்கள் வழக்கம். அத்தான் தீக்குச்சியைச் சீவி நாலு குட்டிக் கட்டை செய்து, மூன்றாம் லைன் எஞ்சினின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். வண்டி பத்திரமாக நிற்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் இரண்டு என்று எழுதினார். கட்டளை தண்டவாளம் முழுவதும் போகிறதே! இரண்டு எஞ்சினும் அதைக் கேட்டுக்கொண்டன. இரண்டுக்கும் எண் இரண்டாகிவிட்டது. திருகைத் திருப்பினால் இது கிளம்ப, அது தீக்குச்சியை ஏறி மிதித்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பியது.

மறுபடி இரண்டையும் மூன்றாக்கினார். மறுபடி கட்டை வைத்தார். மறுபடி இரண்டும் கிளம்பின. மூன்று நாள் இதே கூத்து.

"கட்டைய வச்சா காலுதான் கட்டும் அத்தான், காத யாரு கட்டுனது?" என்று கத்தினேன். "ஒண்ணத் தூக்கி இங்கன மேசையில வையுங்க. அஞ்சு நிமிசம்."

"லைன்ல நிக்குத எஞ்சினத் தூக்கப்படாது. அன்னைக்கு எந்த எஞ்சினையும் யாரும் தூக்கல. ரெண்டும் நின்னுக்கிட்டுதான இருந்துது?"

அவரோடு என்ன பேசுவது? நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

நடுவில் சரஸ்வதி பூஜை வந்தது. அக்கா வழக்கம்போல வீட்டில் உள்ள அரிவாள்மணை, தையல் மிஷின், அத்தானின் பழைய டார்ச் எல்லாவற்றையும் பூஜையில் வைத்தாள். எஞ்சின்களையும் கீழே கொண்டுபோய், காருக்கும் லாரிக்கும் வைப்பதுபோல முகப்பிலும் ஒவ்வொரு சக்கரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். "ஒண்ணுக்காவது சக்கரத்துல வைக்காம விட்டிருக்கப்படாதா?" என்று அத்தான் கேட்டதற்கு, "ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாளாம்.

விஜயதசமி கழிந்து அத்தான் இரண்டாம் லைன் எஞ்சினின் சக்கரங்களைப் பஞ்சால் துடைத்தார். மற்றதைத் துடைப்பதற்குள் காப்பி வந்தது. சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம் என்று இரண்டையும் லைனில் வைத்து எண்ணை எழுதியிருக்கிறார். திருகைத் திருப்பினால் இரண்டாம் லைன் எஞ்சின் போகிறது. சந்தனம் காய்ந்து ஒட்டிய சக்கரத்தோடு மூன்றாம் லைன் எஞ்சின் செத்ததுபோல நிற்கிறது. தண்டவாளத்துக் கரண்ட் அதற்கு ஏறவே இல்லை, ஆகவே கட்டளையும் போகவில்லை, அதன் எண் கடைசியாக மாற்றிவைத்த மூன்றாகவே இருந்துவிட்டது. அப்புறம் அதையும் துடைத்து லைனில் வைத்திருக்கிறார். முகப்பு விளக்கு எரிந்திருக்கிறது.

என்னைப் போனில் கூப்பிட்டார். "பிரிஞ்சிட்டு மாப்ளே. வாரும்."

போனேன். ஈர்க்குச்சியிலும் சின்ன பல்பிலும் அவரே செய்த இரண்டு சிக்னல்கள் லைன் முடிவில் நின்றன. இரண்டாம் லைனுக்குப் பச்சை, மூன்றாம் லைனுக்குச் சிவப்பு. கைக்கருவியில் இரண்டை அழுத்தித் திருப்பினார். இரண்டாம் லைன் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பி, லைன்கள் சேரும் இடத்தைத் தாண்டிப் போனது. மூன்றாம் லைன் எஞ்சின் விளக்கை எரியவிட்டபடி நின்ற இடத்தில் நின்றது. அத்தான் போகிற எஞ்சினைப் பார்க்கவே இல்லை. நிற்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கொண்டுவந்தார், திரும்ப அனுப்பினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

"நிக்கி பாத்தீரா" என்றார். "இப்படி நின்னாப் போதும் வே. ரெண்டு நிமிசம் இப்படி நின்னிருந்தா, அந்தப் பய இன்னைக்கு எக்ஸ்பிரஸ் ஓட்டுவான்."

கைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர், "முஹ்சினக் கூட்டிட்டு வாரும்" என்றார்.

அவன் சவூதியிலிருந்து திரும்பி ஆறு வருஷம் ஆகிறது, மேலப்பாளையத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை பஸ் ஏறி அவன் தெருமுனை வரைக்கும் போய், வாய் வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். அதை அன்றுதான் சொன்னார். "வெறும் வாயால சொல்ல வரல மாப்ளே. இத அவன் பாத்தான்னா, நான் பேச ஆரம்பிச்சிருவேன்."

"பதிமூணு வருசம் ஆச்சு அத்தான். ஆறின புண்ண எதுக்குக் கிளறணும்? அவன் பாட்டுக்கு இருக்கான்" என்றேன். அவனுக்காகச் சொன்னதுபோலத்தான் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். உண்மை வெளியே வந்தால் அடுக்களையில் பேசியதும் வரும், என் பெயரும் வரும்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "உம்ம பேரு வராது" என்றார். அதற்குப் பிறகு போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வேன்கள் நிற்கும் இடத்தில் விசாரித்து முஹ்சினைக் கண்டுபிடித்தேன். தாடியில் பாதி நரைத்திருந்தது. நாங்கள் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அத்தானின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி சுகமா இருக்காவளா?"

"இருக்காவ. உன்னப் பாக்கணும்னு சொல்லுதாவ."

"எதுக்குன்னு சொன்னாவளா?"

"வந்தாத் தெரியும்."

அவன் டீக்குக் காசைக் கொடுத்தான். "ஞாயித்துக்கிழம அஸர் தொழுதுட்டு வாரேன்" என்றான்.

சொன்னபடி ஞாயிறு பிற்பகல் தொழுகை முடித்து வந்தான். அக்கா வாசலில் நின்று, "வா முஹ்சின்" என்றாள். அவன், "சுகமா மதினி?" என்று கேட்டுவிட்டு மாடிப்படி ஏறினான். அறைக்குள் வந்தவன் அத்தானிடம் சலாம் சொன்னான், பிறகு பலகையைப் பார்த்தான். ஸ்டேஷன் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. குனிந்து, மூன்றாம் லைன் எஞ்சினின் ஜன்னலை விரலால் தொட்டான்.

"இங்கனதான் நான் உக்காந்திருந்தேன்" என்றான்.

அத்தான் கைக்கருவியை எடுத்தார். பச்சையை எரியவிட்டார். இரண்டாம் லைன் எஞ்சின் போயிற்று. மூன்றாம் லைன் எஞ்சின் நின்றது. முஹ்சின் அதை இமைக்காமல் பார்த்தான். போன எஞ்சின் பலகையின் மறுமுனையில் நின்ற பிறகு அத்தான் பேசினார்.

"பச்சைய மொதல்ல சொன்னது நான். நீ இல்ல. விசாரணையில மாத்திச் சொன்னேன். உன் வேலையையும் வாழ்க்கையையும் கெடுத்தது நான்தான் முஹ்சின். இதச் சொல்லாம ஒரு நாள்கூட நான் நிம்மதியாச் சோறு தின்னதில்ல. மன்னிக்கணும்னு கேக்கல. நீ தெரிஞ்சுக்கிடணும்."

முஹ்சின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மொதல்ல சொன்னது நீங்கன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நானும்தான கூட இருந்தேன்" என்றான். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. நீங்க கைய நீட்டினப்ப நானும் பாத்தேன். பச்சை பக்கத்து லைனுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. இவ்வளவு வருசம் ஓட்டினவுக சொல்லுதாவ, நம்ம கண்ணுதான் தப்பா இருக்கும்னு நெனச்சேன். பெரியவுக சொல்ல எப்படி மறுக்கன்னு திருப்பிச் சொல்லிட்டேன். அதனாலதான் விசாரணையில ஆமான்னேன். நீங்க தெரியாமச் சொன்னிய. நான் தெரிஞ்சு சொன்னேன்."

அத்தான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதிமூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே பாரத்தை, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல" என்று முஹ்சின் தொடர்ந்தான். "எஞ்சின்லருந்து மண்ணுல குதிச்சதும் என் கையப் பிடிச்சு, 'என் தப்பு தம்பி, நான் சொல்லிக்கிடுதேன், நீ பயப்படாத'ன்னிய. மறுநாள் மாறிட்டிய. நீங்க அப்படி மாறுத ஆளு இல்ல. யாரு சொல்லிக் குடுத்தா?"

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்ல. நானாத்தான். பயந்துட்டேன்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அதை மறைக்க மாட்டேன், அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் அத்தானைப் பார்த்தேன். இந்த ஒரு மணி நேரத்துக்காக அந்த மனுஷர் தீக்குச்சி சீவினார், பஸ் ஏறினார், இறங்கினார். அதிலும் எனக்காக ஒரு பொய்யை வைத்துவிட்டார். அக்கா காப்பித் தட்டோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் முஹ்சின்" என்றேன். "அப்படிச் சொல்லுங்கன்னு சொன்னது நான். நீ எப்படியும் துபாய் போயிருவன்னு சொன்னதும் நான்தான்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்தான்.

"அப்ப இன்னைக்கும் முழுசாச் சொல்லல, என்ன அண்ணாச்சி?"

குரலை உயர்த்தவில்லை. அத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன், அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முஹ்சின் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கிப் பலகையில் வைத்தான். மூலையில் கிடந்த முக்காலியை எடுத்து என் பக்கத்தில் போட்டான். திரும்ப வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மொதல்லருந்து சொல்லுங்க" என்றான். "ரெண்டு பேரும் சொல்லுங்க. இனி யாரும் யாரையும் காப்பாத்த வேண்டாம்."

அத்தான் தண்டவாளத்துக் கரண்டை நிறுத்தினார். நான் முக்காலியில் உட்கார்ந்து, அந்தச் சாயங்காலத்து அடுக்களையிலிருந்து தொடங்கினேன்.